நைனா வந்தாரு, நைனா வந்துச்சு

எனக்கு வேண்டியிருந்தது ஓடுகிற நாய். கிடைத்தது, எழுந்து நிற்பதற்கே நாலு பக்கமும் யோசிக்கிற நாய்.

ஐம்பதைத் தாண்டியும் ஒரு நாற்காலியில் முழுதாக உட்காரத் தெரியாதவன் நான். சித்தூரில் மாங்கூழ் ஆலையில் வேலை. சீசனில் கூழின் புளிப்பையும் இனிப்பையும் சோதித்துச் சொல்ல வேண்டும். சீசன் முடிந்ததும் சோதிக்க ஒன்றுமில்லாமல் தெருக்களைச் சோதித்துக்கொண்டு திரிவேன். நடுநடுவே சில பத்திகள் எழுதுவேன். அவற்றைக் கவிதை என்றால் கவிஞர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், உரைநடை என்றால் மற்றவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அந்தப் பத்திகள் என் கால்களில்தான் உருவாகின்றன என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தேன். மனைவி ஒரு வாரம் கூட நடந்து பார்த்தாள்.

"உங்க கூட வர்றது நடையில்ல. கிளம்பிட்ட பஸ்ஸத் தொரத்திக்கினு ஓடுறது," என்றாள். "ஒரு நாய வளத்துக்கோங்க. அதாவது கேள்வி கேக்காம வரும்."

அப்படித்தான் திருப்பதிக்குப் போனேன். ஊருக்கு வெளியே, ரேணிகுண்டா போகிற பக்கம், கைவிடப்பட்ட நாய்களை வைத்துக் காப்பாற்றும் ஓர் இடம் இருந்தது. கம்பி வலைக்குப் பின்னால் மலை தெரிந்தது. மேலே மலையில் ஜனங்கள் முடியை விட்டுவிட்டுப் போகிறார்கள், கீழே நாயை விட்டுவிட்டுப் போகிறார்கள். இரண்டுமே வேண்டுதல்தான் போலிருக்கிறது.

இளம் நாய்கள் வலையில் தாவி என் கையை நக்கின. ஒன்றைத் தேர்ந்தெடுத்தும் விட்டேன். கறுப்பு, மெலிந்த இடுப்பு, நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. என்னைப் போலவே இருந்தது. அப்போதுதான் என் முழங்காலுக்குக் கீழே ஒரு சூடு தெரிந்தது. குனிந்து பார்த்தேன். ஒரு காலத்தில் செம்பட்டையாக இருந்திருக்க வேண்டும், இப்போது மூஞ்சியெல்லாம் சாம்பல் பூத்த ஒரு கிழட்டு நாய் என் கால்மேல் மொத்த எடையையும் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தது. நனைந்த கோணிப்பை வாசனை. ஒரு காதின் ஓரம் கிழிந்திருந்தது. நான் நகரவில்லை. அவ்வளவு நேரம் நான் ஓர் இடத்தில் நின்றது என் கல்யாணத்துக்குப் பிறகு அன்றுதான்.

என்னையே தேர்ந்தெடுத்துவிட்டது என்று நெஞ்சு பூரித்தேன். ஒரு பத்தி அப்போதே காலில் ஊற ஆரம்பித்தது.

அங்கே பார்த்துக்கொள்ளும் பெண் சிரித்தாள். "அதுக்குக் கண்ணு சரியா தெரியாதுண்ணா. காதும் பாதிதான். எது கிடச்சாலும் சாஞ்சுக்கும். நேத்து காஸ் சிலிண்டர் மேல சாஞ்சு தூங்கிச்சு."

இருந்தாலும் அதையே கூட்டிவந்தேன். காஸ் சிலிண்டருக்கு அடுத்தபடியாகவாவது என்னை ஒருவர் நம்பியது பெரிய விஷயம். அதன் பழைய கதை கொஞ்சமே தெரிந்தது. திருப்பதியில் தனியாக இருந்த ஒரு பெரியவர் வளர்த்தது. அவர் இறந்தபின் வீட்டைப் பூட்டிக்கொண்டு போன சொந்தக்காரர்கள் நாயை வாசல் கேட்டில் கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். பெயர் யாருக்கும் தெரியாது. அங்கே அதற்கு ஏதோ பிஸ்கட்டின் பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயருக்கு அது ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லையாம்.

சித்தூர் வீட்டில் நாங்கள் மூன்று பேர். நான், மனைவி, என் நைனா. எங்கள் பக்கத்துத் தமிழில் அப்பாவை நைனா என்போம். அம்மா போனபின், கர்நாடக எல்லையோரம் குப்பத்துக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊர் குடுபல்லியிலிருந்து வந்து எங்களோடு இருக்கிறார். அக்கா அங்கேயே கட்டிக்கொடுத்த வீட்டில். நைனாவுக்கு எங்கள் மேல் எப்போது கோபம் வந்தாலும் "நான் பொண்ணு வூட்டுக்குப் போறேன்" என்று பையில் வேட்டியை வைப்பார். கோபம் தணிந்ததும் எடுத்து மடிப்பார். அந்த வேட்டியில் இருக்கிற மடிப்புகளை எண்ணினாலே எங்கள் குடும்ப வரலாறு கிடைத்துவிடும்.

நாயைப் பார்த்தவர் முதலில் கேட்டது: "இத்த எதுக்குடா கொண்டாந்த? வூட்டுக்கு ஒரு கெயம் பத்தாதா?"

கிழம் என்றது தன்னையும் சேர்த்து. அது அவர் பங்குக்கு நகைச்சுவை. பிரச்சினை வேறு இடத்திலிருந்து வந்தது. நாய் சாப்பிடவில்லை. பால் சோறு, கறி எலும்பு, முட்டை, எதை வைத்தாலும் தட்டுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு யாருக்கோ காத்திருப்பதுபோல் வாசலைப் பார்த்தது. கூப்பிட்டுப் பார்த்தோம். தமிழில் நாய்களுக்கு வைக்கிற பெயர்களும் தெலுங்கில் வைக்கிற பெயர்களும் இங்கிலீஷில் வைக்கிறவையும் தீர்ந்தன. மனைவி பள்ளிக்கூடத்தில் ஆஜர் எடுக்கிறவள், அந்தக் குரலிலேயே ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டாள். யாரும் 'உள்ளேன்' சொல்லவில்லை. இரண்டாம் நாளும் அது பட்டினி.

மூன்றாம் நாள் மத்தியானம், நான் சமையற்கட்டிலிருந்து எட்டிப் பார்த்து, அறைக்குள் படுத்திருந்தவரைக் கூப்பிட்டேன்.

"நைனா, துன்ன வா!"

நாய் எழுந்தது. யோசிக்கவேயில்லை. நகம் தரையில் சறுக்க, ஆடாத வால் ஆட, என் குரல் வந்த திசைக்கு ஓடியே வந்தது. நான் பார்த்த ஒரே ஓட்டம் அதுதான். வந்து, சோற்றுத் தட்டின் முன்னால் தலை நிமிர்ந்து உட்கார்ந்தது. அதற்குப் பின்னாலேயே என் நைனாவும் கை துடைத்துக்கொண்டு வந்தார். இருவரும் தட்டைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மனைவிக்குத்தான் முதலில் புரிந்தது. திருப்பதிப் பெரியவர் தெலுங்குக்காரர். 'தினு நாயனா' என்று ஊட்டியிருப்பார். சாப்பிடப்பா என்கிற மாதிரி. தெலுங்கில் அது இரண்டு பக்கமும் செல்லுகிற சொல். மகன் அப்பனையும் கூப்பிடுவான், அப்பன் மகனையும் கொஞ்சுவான். அவர்கள் தினு நாயனா, நாங்கள் துன்னு நைனா. பாதிக் காதில் விழுந்தால் என்ன வித்தியாசம்? எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் இந்தப் பக்கத்திலிருந்தும் ஒரே சொல்லை இழுத்து வைத்துக்கொண்டு வாழ்கிற ஜனங்கள் நாங்கள். ஒரு நாய் அதில் வந்து சாய்ந்துகொண்டது.

நான் ரசித்துச் சிரித்துவிட்டேன். நாய் என்பதில் கொஞ்சம் மரியாதையைச் சேர்த்தால் நாயனா, இன்னும் கொஞ்சம் சேர்த்தால் நாயனார் என்று ஏதோ உளறினேன். நைனா சாப்பிடாமல் எழுந்துபோய்ப் பையில் வேட்டியை வைத்தார்.

"எம் பேர நாய்க்கு வெச்சிட்டு சிரிக்கிற."

"நான் வெக்கல நைனா. அது ஏற்கெனவே..."

"நீ பேசாத." அவர் குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "ஊர்ல என்னை எவன்டா பேர் சொல்லிக் கூப்ட்டான்? தொர வூட்ல கெயவன்லருந்து கைக்கொயந்த வரைக்கும் ரேய்னா நானு. அந்த வூட்டுக் கொயந்த மொதல்ல பேசுன பேச்சே என்னைப் பாத்து ரேய்தான். உங்கக்கா பொறந்து, வாய் வந்து, நைனான்னாளே, அன்னிக்குத்தான் எனக்கு ஒரு பேரு வந்துச்சு. அந்த ஒண்ணுதான்டா கீது. அத்தயும் குடுத்துட்டியே."

அவர் சொன்னது உண்மை. குடுபல்லிப் பக்கம் ஒரு துரை வீட்டு நிலத்தில்தான் அவர் வாலிபம் முழுக்கப் போயிற்று. தெலுங்கில் தொர. பிறகு சொந்தமாகக் கொஞ்சம் மண் வந்தது, அதில் தக்காளி வந்தது, என் படிப்பு வந்தது. ஆனால் வழியில் தொர வீட்டுக்காரர்கள் பார்த்தால் கேட்பது அதே 'ஏம்ரா'தான். 'ரேய்' என்றால் நம்ம 'டேய்', 'ரா' என்றால் நம்ம 'டா'. ஒரு எழுத்து. அந்த எழுத்தை அவர் நிலம் வாங்கியும் கழற்ற முடியவில்லை.

எனக்குச் சிக்கல் தெளிவாகவே இருந்தது. அந்தச் சொல்லைச் சொன்னால் நைனா போய்விடுவார். சொல்லாவிட்டால் நாய் போய்விடும்.

மூன்று நாள் திருட்டுத்தனமாக ஓட்டினேன். அவர் கோயிலுக்குப் போகிற சமயம் பார்த்துப் பின்பக்கம் நாயைக் கூட்டிப்போய், சுவரோடு சுவராகக் குனிந்து "நைனா, துன்னு" என்று கிசுகிசுப்பேன். நாய்க்குக் கேட்காது. கொஞ்சம் உரக்கச் சொல்வேன். தெருமுனையில் போய்க்கொண்டிருப்பவர் அங்கிருந்தே "இன்னாடா?" என்பார். டிவி சத்தம் கேட்காத காதுக்கு இந்தச் சொல் மட்டும் எப்படியோ கேட்டுவிடும்.

முடிவில் என் மனைவிதான் தீர்ப்பு எழுதினாள். அவள் மாணவர்களுக்குச் சொல்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "மாமா, பேரு ஒண்ணாவே இருக்கட்டும். மரியாதை வேறயாக் குடுத்துக்கலாம். நீங்கன்னா வந்தாரு. அதுன்னா வந்துச்சு. நைனா துன்னாரு, நைனா துன்னுச்சு. யாரும் மாத்திச் சொல்லக்கூடாது."

நைனா யோசித்தார். "கூப்புடறப்ப?"

அங்கேதான் இலக்கணம் கையை விரித்தது. எங்கள் பக்கம் அப்பாவை வாங்க போங்க என்று கூப்பிடுகிற வழக்கமில்லை. வா நைனாதான். அவரே ஒரு வழி சொன்னார். "கை தட்டிட்டுக் கூப்ட்டா நாயி. சும்மா கூப்ட்டா நானு. இன்னோண்ணு, இந்த வெவகாரம் வாசப்படி தாண்டக் கூடாது. ஊருக்குத் தெரிஞ்சா நாலு பேரு சிரிப்பான்."

கைதட்டல் நாய்க்குக் கேட்டதே இல்லை. அது நைனாவுக்கான அறிவிப்பு. இப்போது வரப்போகிற சொல் உங்களுடையதல்ல, பொறுத்துக்கொள்ளவும்.

இப்படியாக ஒரு விகுதியைச் சுவராக எழுப்பி இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவருமாகக் குடித்தனம் நடத்தினோம். சுவர் அவ்வளவு உயரமில்லை. ஒருநாள் மனைவி பக்கத்துவீட்டுத் தெலுங்குக்கார அம்மாவிடம் பேச்சுவாக்கில், "நைனாவுக்கு வெளிய போகணும்னா கதவப் பிறாண்டும்" என்று சொல்லிவிட்டாள். அந்த அம்மாவுக்குத் தமிழ் புரியும், விகுதி புரியாது. அதன்பிறகு பல நாள் அவர் நைனாவைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு வாழைப்பழம் கொடுத்தார், கண் கலங்க. நைனா வாங்கிச் சாப்பிட்டார். நகர வாழ்க்கையில் மனிதர்கள் நல்லவர்கள் என்று எங்களிடம் சொன்னார்.

இன்னொரு ஓட்டையும் இருந்தது, அது எங்கள் ரத்தத்திலேயே இருந்தது. என் அம்மா தன் புருஷனை ஒருநாளும் 'அவரு' என்று சொன்னதில்லை. 'அது'. அது வந்துச்சு, அது துன்னுச்சு, அது கோச்சுக்கிச்சு. எங்கள் ஊரில் பெண்கள் புருஷனைச் சொல்லும் முறை அது. அதைவிட நெருக்கமான சொல் அவர்களிடம் இல்லை. அக்கா அம்மாவிடமிருந்து நகையோடு சேர்த்து அதையும் வாங்கிக்கொண்டாள். போன் பண்ணும்போதெல்லாம் "அது எப்டி கீது?" என்றுதான் நைனாவைக் கேட்பாள். அப்போது இதைப் பற்றி நாங்கள் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

நடை என்னவாயிற்று என்று கேட்பீர்கள். தினமும் காலையில் அதைக் கூட்டிக்கொண்டு கிளம்புவேன். தெருமுனை மின்கம்பம் வந்ததும் அது சாய்ந்துகொள்ளும். இழுத்தால் வராது, தூக்கினால் முனகும். நானும் நிற்பேன். வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு மின்கம்பத்தை முழுதாகப் பார்த்தேன். அதில் எறும்புகளுக்கு ஒரு தனிப் பாதை இருந்தது, பழைய டியூஷன் விளம்பரத்தின் பசை இருந்தது, மேலே ஒரு காக்கை இரும்புக் கம்பியையெல்லாம் சேர்த்துக் கூடு கட்டியிருந்தது. பால்காரர், ஸ்கூல் ஆட்டோ, மலைக்கு நடந்து போகிற மஞ்சள் துணிக்காரர்கள், எல்லாரும் எங்களைக் கடந்து போனார்கள். அவ்வளவு நாளும் அவர்களையெல்லாம் நான்தான் கடந்து போய்க்கொண்டிருந்தேன். காலில் ஊறிய பத்திகள் வற்றின. எழுத ஒன்றுமில்லாமல் நின்றுகொண்டிருப்பது அப்படியொன்றும் மோசமில்லை என்று தோன்றியது. அதை எழுத வேண்டும் என்றும் உடனே தோன்றியது. சுபாவம் லேசில் போகாது.

அந்த மழைக்காலத்தில் நைனா குளியலறையில் வழுக்கி மணிக்கட்டை முறித்துக்கொண்டார். புத்தூருக்குக் கூட்டிப்போய்க் கட்டுப் போட்டோம். மூங்கில் பத்தை, பச்சிலை, அதன்மேல் முட்டை வெள்ளைக்கரு ஊற்றி இறுக்கிய துணி. வீடு திரும்பிப் படுத்ததும் நாய் எழுந்தது, மூக்கைத் தூக்கியது, நேராக அவர் கட்டிலுக்குப் போனது. கட்டுப்போட்ட கைக்கு அருகே தாடையை வைத்துப் படுத்தது. போகவே மாட்டேன் என்றது.

நைனாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

"பாருடா," என்றார் மெதுவாக. "எனக்கு அடிபட்டது அதுக்குத் தெரிஞ்சி போச்சு. பெத்ததுங்கோ செல்லு பாத்துக்கினு கீது. இது கைய வுட்டு நவுருதா பாரு."

நானும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்தோம். முட்டை என்கிற உண்மை எங்கள் இருவர் தொண்டையிலும் நின்றது. விழுங்கினோம். நாய் அவ்வப்போது கட்டை நக்கியது. அவர் அதைப் பாசம் என்று மொழிபெயர்த்துக்கொண்டார். மொழிபெயர்ப்பில் இப்படி ஆவது சகஜம்.

கட்டைப் பிரித்த பிறகும் நாய் அங்கேதான் படுத்தது. முட்டை வாசனை போய் நாளாகிவிட்டது. அதற்கு என்ன காரணம் என்று எனக்குத் தெரியவில்லை. வேடிக்கையாகச் சொல்ல ஒரு காரணம் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

ஒரு மத்தியானம் ஆலையிலிருந்து சீக்கிரம் வந்தேன். அறைக்குள் நைனாவின் குரல் கேட்டது. எனக்குப் பழக்கமில்லாத குரல், மெத்தென்று, தெலுங்கில். "ஏம் நாயனா, தின்னாவா? ஆக்கலி லேதா நாயனா?" சாப்பிட்டாயாப்பா, பசியில்லையாப்பா.

வாசலிலேயே நின்றேன். என்னை அவர் வாழ்நாளில் கூப்பிட்டது 'டேய்'. பரீட்சையில் தேறியபோது டேய், கல்யாணத்தன்று தாலியைக் கையில் கொடுத்தபோது டேய். இரண்டு பக்கமும் செல்லுகிற சொல் என்கிறார்கள், என் பக்கம் அது வந்ததே இல்லை. பஞ்சுத் தலையோடு, பேருக்குப் பின்னால் ஒரு டிகிரியோடு, ஒரு கிழட்டு நாயின் மேல் பொறாமைப்பட்டுக்கொண்டு செருப்பைக் கழற்றினேன்.

"நாயப் போயி நாயனான்ற?" என்று கேட்டேன்.

"நான் எங்கடா சொன்னேன்? அது தெலுங்கு. வேற சொல்லு," என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அடுத்த சீசன் தொடங்குவதற்குச் சற்று முன்னால், ஆலையில் தொட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்த நாட்களில், அது போயிற்று. காலையில் நைனாதான் என்னை எழுப்பினார். "டேய், நைனா எயிந்துக்கல." நான் அரைத் தூக்கத்தில் அவரையே பார்த்தேன். நீதான் எழுந்திருக்கிறாயே என்று சொல்ல வாயெடுத்து, அப்புறம் புரிந்தது.

அவருடைய கட்டிலின் காலில் சாய்ந்தபடியே இருந்தது. எதிலும் சாயாமல் அது ஒரு நாளும் தூங்கியதில்லை.

நைனா பையிலிருந்து அந்த வேட்டியை எடுத்தார். பொண்ணு வீட்டுக்குப் போகிறேன் என்று வைத்து வைத்து எடுத்த அதே வேட்டி. வராண்டாவில் கிடத்தி அதைப் போர்த்தினார். மனைவி ஒரு ஊதுபத்தி ஏற்றிவைத்தாள். நான் கடப்பாரையோடு பின்பக்கம் போனேன். சித்தூர் மண் மேலே ஒரு சாணுக்குத்தான் மண், அதற்குக் கீழே வெறும் கல். கொத்தினால் பொறி பறந்தது. நான் அழுதுகொண்டிருந்தேனா வேர்த்துக்கொண்டிருந்தேனா என்று எனக்கே தெரியாத நேரத்தில் அக்காவின் போன் வந்தது.

"இன்னாடா, மூச்சு வாங்குது? அது எப்டி கீது?"

எங்கள் வீட்டில் இத்தனை மாதமாக 'அது' என்றால் ஒன்றுதான். கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னேன். "பூட்ச்சுக்கா. காத்தால. தூக்கத்துலயே."

அந்தப் பக்கம் ஒரு அலறல். அப்புறம் குடுபல்லியில் எப்போதும் நடக்கிறபடி சிக்னல் கர்நாடகாவுக்குத் தாவிக் கட்டாயிற்று. அக்கா எத்தனை நல்லவள், பார்த்தே இராத ஒரு நாய்க்காக இப்படி அழுகிறாளே என்று நெகிழ்ந்து போனேன். போனை ஜன்னலில் வைத்துவிட்டு மறுபடி கொத்தினேன். போன் அடித்துக்கொண்டே இருந்ததாம். குழிக்குள் எனக்குக் கேட்கவில்லை.

மத்தியானத்துக்கு மேல் வேன் வந்து நின்றது. அதற்குள் குழி என் முழங்கால் ஆழம்கூட இல்லை. சத்தம் கேட்டு முன்பக்கம் ஓடினேன். அக்கா தலைவிரி கோலமாக இறங்கி, கேட்டைத் தள்ளி, வராண்டாவில் வேட்டி போர்த்தி ஊதுபத்தி வைத்திருந்ததன்மேல் விழுந்தாள்.

"ஐயோ நைனா! இப்டி சுருங்கிப் பூட்டியே நைனா! சோறு போட்டாங்களா இல்லியா இவங்கோ!"

பின்னால் வந்த சொந்தக்காரப் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டே என் மனைவியை ஒரு பார்வை பார்த்தார்கள். அவள் கையில் கரண்டியோடு நின்றாள். ஒரு சித்தி காலைத் தொட்டுக் கும்பிட வேட்டியின் அடி நுனியைத் தூக்கினாள். வால். அவள் அதைத் திரும்ப மூடினாள். மறுபடி தூக்கிப் பார்த்தாள்.

அப்போது உள்ளேயிருந்து, சாவுத் தீட்டுக்குத் தலைக்குக் குளித்துவிட்டு, தோளில் ஈரத் துண்டோடு நைனா வந்தார்.

"யார்ரீ அது ஒப்பாரி? எவன் பூட்டான்?"

அக்கா எழுந்தாள். அவரைப் பார்த்தாள், வேட்டியைப் பார்த்தாள். பிறகு ஓடிப்போய் அவர் தோளில் இரண்டு கையாலும் குத்தினாள். "நீ சாவலியா? நீ சாவலியா? குப்பத்துலருந்து இது வரைக்கும் அய்துக்கினு வந்தேனே!"

"நான் எங்கம்மா சாவறது? உன் தம்பி குயி தோண்டுற வேகத்துக்கு இன்னும் பத்து வருசம் ஆவும்."

எல்லாரும் சிரித்தார்கள், சிலர் அழுதுகொண்டே. மாலைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டே சிரித்தார்கள். சிரிப்பு அடங்குமுன் வேனுக்குப் பின்னால் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. இறங்கியவர் தொர வீட்டு மகன்.

மகன் என்றாலும் என் வயதுதான் இருக்கும். நைனாவைப் பார்த்து முதல் வார்த்தையாக 'ரேய்' என்ற குழந்தை இவர்தான். இப்போது அரசியலில் இருக்கிறார். அக்காவின் அலறல் அவர் வீடு வரை போயிருக்கும், எங்கள் குடுபல்லி மண்டலத்தில் எந்தச் சாவையும் விடமாட்டார். கையில் பெரிய ரோஜா மாலை, பின்னால் செல்போனை உயர்த்திப் பிடித்த இரண்டு பேர். மாலையை முழங்கையில் மாட்டிக்கொண்டு, கேட்டருகே மண்ணும் வேர்வையுமாக நின்ற என் இரு கைகளையும் பற்றினார்.

"எப்புடு போயாரு?" என்றார் தெலுங்கில். எப்போது போனார். "பெத்த மனிஷி. மீ நாயனகாரு பெத்த மனிஷி." பெரிய மனிதர், உங்கள் நாயனா.

போயாரு. நாயனகாரு. நான் வாயைத் திறந்தேன், மறுக்க முடியவில்லை. அந்த வீட்டு வாயிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஒரு 'காரு', தமிழில் ஒரு 'அவர்கள்', வந்ததை நான் கேட்டதே இல்லை. திரும்பிப் பார்த்தேன். வராண்டாவில் நைனா அசையாமல் நின்றார். அந்த அரைக் காதில் ஒவ்வொரு எழுத்தும் விழுந்திருக்கிறது என்று அவர் முகத்தில் தெரிந்தது.

என் பார்வை போன இடத்தைத் தொர மகனும் பார்த்தார். பார்த்ததும் என் கைகளை விட்டார். பிறகு, சரியாகச் சொன்னால் பிறகு என்பதற்கு இடமே இல்லை, அவர் நாக்கு அதுவாகவே தன் பழைய தடத்தில் ஓடிவிட்டது.

"ஏம்ரா, பாகுன்னாவா?"

என்னடா, நல்லாயிருக்கியா. செத்தவருக்குக் கொடுத்ததை, உயிரோடு நின்றதும் திருப்பி வாங்கிக்கொண்டார். அவர் வேண்டுமென்று செய்யவில்லை. அதுதான் அதில் மோசம். என் நைனாவும் வேண்டுமென்று செய்யவில்லை. துண்டைத் தோளிலிருந்து இறக்கி இடுப்பில் கட்டிக்கொண்டே, "பாகுன்னா தொரா" என்றார்.

துண்டை இடுப்பில் இறுக்கிய அந்தக் கை பாதியில் நின்றது. அதைக் கவனித்தது நான் மட்டும்தானா, தெரியாது. அவர் மறுபடி துண்டை எடுத்துத் தோளில் போட்டார். சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்தார். வேட்டி போர்த்திய உடலின் பக்கத்தில் வந்து நின்று, தொர மகன் முதலில் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னார்.

"பொத்துன போயாரு, தொரா." காலையில் போனார்.

எங்கள் வீட்டில் யாரும் மாற்றிச் சொல்லக் கூடாத விகுதி. அதற்காகப் பையில் வேட்டி வைத்த மனிதர், ஊர் பார்க்க, அதை எடுத்து நாய்க்குக் கொடுத்தார். என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

தொர மகன் குனிந்து பார்த்தார். வேட்டிக்கு வெளியே கிழிந்த காது தெரிந்தது. "குக்கா?" என்றார். நாயா?

"மா நாயனா," என்றார் நைனா. எங்கள் நாயனா. "பெத்த மனிஷி."

பின்னால் செல்போன்கள் ஓடிக்கொண்டிருந்தன. வேன் ஜனங்கள் அத்தனை பேரும் ஓட்டுப் போடுகிறவர்கள். தொர மகன் மாலையைப் பார்த்தார், டிரைவரைப் பார்த்தார். பிறகு, பொதுவாழ்வில் பழுத்தவர் இல்லையா, மெல்ல முன்னால் வந்து வேட்டியின்மேல் மாலையை வைத்துக் கைகூப்பினார். கண்ணைக்கூட மூடினார். அது யாரையும் கடித்திராத நாய், யார்மேல் வேண்டுமானாலும் சாய்ந்துகொண்ட நாய். அந்த மரியாதையை மறுக்காமல் வாங்கிக்கொண்டது.

புறப்படும்போது தொர மகன் நைனாவின் முன்னால் நின்றார். உதடு அசைந்தது. "ஒஸ்தா" என்றார், வருகிறேன் என்று. அப்புறம் ஏதோ ஒன்று வரவேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டு காருக்குப் போனார்.

கார் மறைகிற வரை நைனா பார்த்துக்கொண்டிருந்தார்.

"கவனிச்சியாடா? 'ரா' போட்ல."

"'காரு'வும் போட்ல நைனா."

"அதான் சொல்றேன். பாதி வந்துக்கிறான்." துண்டை உதறினார். "மீதிக்கு நான் நெசமாவே சாவணும் போலக்குது."

சொல்லிவிட்டு, குழி இந்த ஆழம் போதாது, மழை வந்தால் மண் போய்விடும் என்று கடப்பாரையை எடுத்து மறுபடி என் கையில் திணித்தார்.